பதினொரு நாள் நீடித்த மசோதா: தமிழ்நாட்டின் பன்னிரண்டு மணி நேர வேலைத் திருத்தம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத்துக்கான திருத்த மசோதா ஒன்று குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மே முதல் நாள் அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். இடைப்பட்ட நாட்களில் அது ‘பன்னிரண்டு மணி நேர வேலை மசோதா’ என்ற பெயரில் மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. அப்போது எழுந்த வாதங்கள் பெரும்பாலும் முதலீடு, கூட்டணி, தொழிற்சங்க உரிமை ஆகியவற்றைச் சுற்றியே நின்றன. ஒரு தொழிலாளியின் வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு நாள் எப்படிப் பங்கிடப்படுகிறது என்ற கேள்வியிலிருந்து அந்த நிகழ்வை மீண்டும் படித்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். வேலைக்கும் வாழ்வுக்கும் இடையிலான சமநிலை என்றால் பொதுவாகக் கணினி நிறுவன ஊழியரின் இரவு நேர மின்னஞ்சலைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆலை வாயிலில் பேருந்துக்குக் காத்திருப்பவரின் சமநிலையைத் தீர்மானிப்பது சட்டத்தின் ஒரு பிரிவு என்பதை இந்த மசோதா வெளிப்படையாகக் காட்டியது.

சட்டம் வைத்திருந்த வேலிகள்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வேலை நேரத்தை ஒரே எண்ணால் கட்டவில்லை. ஒன்றுக்கொன்று துணையாக நிற்கும் பல வேலிகளை அது போட்டிருந்தது. வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்பது 51ஆம் பிரிவு. வார விடுமுறை 52ஆம் பிரிவு. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது 54. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்ய விடாமல் குறைந்தது அரை மணி நேர இடைவேளை தரச் சொல்வது 55. உணவு, ஓய்வு இடைவேளைகளையும் சேர்த்து, வேலை தொடங்கியது முதல் முடிவது வரையிலான மொத்த நேரம் பத்தரை மணியைத் தாண்டக் கூடாது என்பது 56. நாளுக்கு ஒன்பது மணியையோ வாரத்துக்கு 48 மணியையோ தாண்டும் வேலைக்கு இரட்டிப்பு ஊதியம் தரச் சொல்வது 59.

இவற்றுள் 56ஆம் பிரிவு அதிகம் பேசப்படாதது. என் பார்வையில் குடும்ப வாழ்வுக்கு மிக நெருக்கமானதும் அதுதான். காலையில் நான்கு மணி நேரம், நடுவில் நீண்ட இடைவெளி, மாலையில் மீண்டும் நான்கு மணி நேரம் என்று நாளைத் துண்டாடி, எட்டு மணி நேரம்தான் வேலை வாங்கினோம் என்று சொல்ல அது இடம் கொடுக்கவில்லை.

அவசரத் தேவைக்கு அந்தச் சட்டத்தில் வழியில்லாமலும் இல்லை. வேலைப் பளு வழக்கத்துக்கு மாறாகக் கூடும் காலங்களில் 65ஆம் பிரிவின்படி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க மாநில அரசு ஏற்கெனவே அனுமதிக்க முடிந்தது. ஆனால் அதற்கும் வரம்புகள் இருந்தன: இடைவேளைகள் உட்பட மொத்த நேரம் பதின்மூன்று மணியைத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு 60 மணிக்கு மேல் கூடாது, தொடர்ந்து ஏழு நாட்களுக்கு மேல் மிகைநேர வேலை கூடாது, மூன்று மாதத்துக்கு 75 மணி நேர மிகைநேரமே உச்சம். ஆகவே பன்னிரண்டு மணி நேரம் என்பது சட்டத்துக்குப் புதிதான எண் அல்ல. அதுவரை விதிவிலக்காக, இரட்டிப்பு ஊதியத்தின் விலையோடு நின்றதை வழக்கமான ஏற்பாடாக மாற்றும் வாய்ப்பை இந்த மசோதா திறந்தது.

எழுத்தும் விளக்கமும்

மசோதா சேர்க்க விரும்பியது 65-அ என்ற ஒரே ஒரு பிரிவு. அதன்படி, எந்தத் தொழிற்சாலைக்கும் அல்லது தொழிற்சாலைகளின் தொகுதிக்கும், மேலே சொன்ன 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகள் அனைத்திலிருந்துமோ அவற்றுள் எதிலிருந்துமோ, தான் விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்களிக்க மாநில அரசுக்கு அதிகாரம் கிடைக்கும். நெகிழ்வான வேலை நேரம் தொழிலாளர்களுக்கும், குறிப்பாகப் பெண் தொழிலாளர்களுக்கும், தொழிலுக்கும், பொருளாதாரத்துக்கும் நன்மை தரும் என்று தொழில் அமைப்புகள் எடுத்துரைத்ததாக மசோதாவின் நோக்க உரை கூறியது.

அரசு அளித்த விளக்கம் இன்னும் இதமாக இருந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது. விரும்பும் தொழிலாளர்கள் நான்கு நாட்கள் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு மூன்று நாட்கள் விடுப்பில் இருக்கலாம். மின்னணு உற்பத்தி போன்ற சில துறைகளுக்கே இது பொருந்தும். யாரையும் கட்டாயப்படுத்த இயலாது என்று அமைச்சர்கள் சொன்னார்கள். அவர்கள் அதை மனதார நம்பியே சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆயினும் ஒரு நிகழ்வை ஆராய்பவர் பேச்சையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாரம் 48 மணி என்ற வரம்பு மாறாது என்றால், அந்த வரம்பைச் சொல்லும் 51ஆம் பிரிவு விலக்குப் பட்டியலில் எதற்காக இடம்பெற்றது? மூன்று நாள் விடுப்பு கிடைக்கும் என்றால், ஒரு நாள் விடுப்பைக் காக்கும் 52ஆம் பிரிவுக்கு விலக்கு எதற்கு? நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்ற ஏற்பாட்டைக் கட்டாயமாக்கும் ஒரு வரிகூட மசோதாவில் இல்லை. தொழிலாளியின் எழுத்துபூர்வமான ஒப்புதல் தேவை என்ற நிபந்தனையும் அதில் இல்லை. அமைச்சரின் உறுதிமொழி அவர் பதவியில் இருக்கும் வரை பயன்படும். சட்டப் பிரிவு அதற்குப் பின்னும் நிற்கும்.

ஊதியக் கணக்கையும் பார்க்கலாம். ஒருவர் வாரத்தில் நான்கு நாட்கள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 54, 59 ஆகிய பிரிவுகள் இருக்கும் நிலையில் நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்குச் சாதாரண ஊதியமும், மிஞ்சிய மூன்று மணி நேரத்துக்கு இரட்டிப்பு ஊதியமும் அவருக்கு உரியவை. வாரக் கணக்கில் அது அறுபது மணி நேரத்துக்கான கூலி. இரு பிரிவுகளிலிருந்தும் விலக்கு அளித்துவிட்டால் அதே வேலைக்கு நாற்பத்தெட்டு மணி நேரக் கூலிதான். மொத்த நேரம் மாறவில்லை. ஐந்தில் ஒரு பங்கு கூலி போய்விடுகிறது. இரட்டிப்பு ஊதியம் என்பது தொழிலாளிக்குக் கிடைக்கும் பரிசு என்று பலர் எண்ணுகிறார்கள். மாலை நேரத்தை முதலாளி எளிதாக எடுத்துக்கொள்ளாதிருக்கச் சட்டம் வைத்த விலை அது. விலையை எடுத்துவிட்டால் அந்த மாலை காவலின்றி நிற்கும்.

இதில் உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே பேசியிருந்தது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் 17 அன்று, குஜராத் அரசு ஓர் அறிவிக்கையின் மூலம் ஆலைகளில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலையை இரட்டிப்பு ஊதியம் இல்லாமலே அனுமதித்தது. பொது நெருக்கடிக் காலத்தில் விலக்களிக்கும் 5ஆம் பிரிவை அது காரணம் காட்டியது. பெருந்தொற்றால் வந்த பொருளாதாரச் சுணக்கம் அந்தப் பிரிவு சொல்லும் நெருக்கடி ஆகாது என்று கூறி, 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. அறிவிக்கை வழியாக நுழையும் கதவு அப்படி மூடப்பட்ட பிறகு, சட்டத் திருத்தம் என்ற வாயிலைத்தான் மாநிலங்கள் நாட வேண்டியிருந்தது. அண்டை மாநிலமான கர்நாடகம் 2023 பிப்ரவரியில் அந்த வழியே சென்று தன் திருத்தத்தை நிறைவேற்றியது. முதலீட்டுக்காக மாநிலங்கள் போட்டியிடும் சூழலில் தமிழ்நாட்டுக்கு ஏற்பட்ட நெருக்கடியையும் இந்த வரிசையில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நாளை அளந்து பார்த்தால்

நாற்பத்தெட்டு மணி நேரத்தை ஆறாகப் பிரித்தாலும் நான்காகப் பிரித்தாலும் தொகை ஒன்றுதானே என்ற வாதம் அப்போது படித்தவர்களிடையே நன்றாக எடுபட்டது. மூன்று நாள் தொடர் விடுப்பு என்ற சொல்லுக்கு ஒரு கவர்ச்சி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வீட்டு வாழ்வு வாரக் கணக்கில் நடப்பதில்லை. சோறு அன்றன்று வடிக்க வேண்டும். குழந்தை அன்றன்று பள்ளியிலிருந்து திரும்பும். முதியவருக்கு மாத்திரை அன்றன்று கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை மாலையில் குழந்தைக்குத் தேவைப்பட்ட அம்மாவை வெள்ளிக்கிழமை மொத்தமாகக் கொடுத்து ஈடுசெய்ய முடியாது.

இதை எண்களாக்கிப் பார்ப்பது பயன் தரும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டார ஆலைகளுக்குக் காஞ்சிபுரம், அரக்கோணம், செய்யாறு பக்கங்களிலிருந்து நிறுவனப் பேருந்துகள் ஆட்களை ஏற்றி வருகின்றன. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று வைத்துக்கொள்வது மிகை ஆகாது. இன்றைய ஏற்பாட்டில் எட்டு மணி நேர வேலை, அரை மணி நேர இடைவேளை, மூன்று மணி நேரப் பயணம் ஆகியவை போக, இருபத்து நான்கு மணியில் பன்னிரண்டரை மணி நேரம் மிஞ்சும். ஏழு மணி நேரத் தூக்கத்தைக் கழித்தால் ஐந்தரை மணி. பன்னிரண்டு மணி நேர ஏற்பாட்டிலோ வேலையும் இடைவேளைகளும் பதின்மூன்று மணி நேரம்; பயணத்தைக் கூட்டினால் பதினாறு. எட்டு மணி மிஞ்சும். தூக்கம் போக ஒரே ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணி நேரத்துக்குள் என்னென்ன நடக்க வேண்டும் என்று பார்த்தால், ஆணுக்கும் பெண்ணுக்கும் விடை வேறுபடுகிறது. 2019ஆம் ஆண்டில் இந்தியா முழுவதும் நடத்தப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதற்குச் செலவிட்டனர். அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் விகிதமோ பெண்களில் 81 விழுக்காடு, ஆண்களில் 26 விழுக்காடு மட்டுமே. கூலி வேலைக்குச் செல்லும் பெண்களின் வீட்டு வேலை நேரம் இந்தச் சராசரியைவிடக் குறைவாகத்தான் இருக்க முடியும். மூன்று மணி நேரம் என்று குறைத்தே கணக்கிட்டாலும், எட்டு மணி நேர ஏற்பாட்டில் அந்தப் பெண்ணுக்கு இரண்டரை மணி நேரம் கையில் நிற்கும். பன்னிரண்டு மணி நேர ஏற்பாட்டில் இரண்டு மணி நேரம் துண்டு விழும். அந்தத் துண்டு தூக்கத்திலிருந்து போகும். இல்லையெனில் மாமியார் மேலோ மூத்த மகள் மேலோ விழும். மகள் மேல் விழுந்தால் அது அவளுடைய படிப்பின் நேரம்.

பெண் தொழிலாளர்களுக்கு நன்மை என்று மசோதா சொன்னதை இங்கே வைத்துத்தான் எடைபோட வேண்டும். நாட்டின் ஆலைகளில் பணிபுரியும் பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வேறெந்த மாநிலத்துக்கும் இல்லாத இந்தச் சிறப்பு தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. பெண் கல்வி, சாலை, பேருந்து ஆகியவற்றோடு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்ற நம்பிக்கையும் அவற்றுள் ஒன்று என்றே நான் கருதுகிறேன். மணமான பெண் ஆலை வேலையை விடுவதற்குக் கூலி போதாமை மட்டும் காரணமாவதில்லை. வீடு திரும்பும் நேரம் ஒத்துவராதபோதும் விட்டுவிடுகிறார். நாள் வேலை நீண்டால் வீட்டுச் சுமை இல்லாத இளம்பெண்கள், அதிலும் விடுதியில் தங்குபவர்கள் மட்டுமே நிலைக்க முடியும். ஊரும் உறவும் தொலைவில் இருக்க, ஆலையிலிருந்து பேருந்து, பேருந்திலிருந்து விடுதி என்று கழியும் இருபது வயதுக்கு, மூன்று நாள் விடுப்பும் ஒரு படுக்கையில்தான் கழியும்.

இதே அரசு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் பள்ளிக் குழந்தைகளுக்கான காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. வேலைக்குப் போகும் பெற்றோரின் வீட்டில் காலை நேரம் எவ்வளவு இறுக்கமானது, அந்த இறுக்கத்தில் குழந்தை பசியோடு பள்ளிக்கு வருகிறது என்பதை உணர்ந்து எடுத்த முடிவு அது, மனதாரப் பாராட்டத்தக்கது. காலையின் நெருக்கடியை அவ்வளவு துல்லியமாகப் பார்த்த நிர்வாகம் ஏழு மாதம் கழித்து மாலையைப் பார்க்கத் தவறியது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. முப்பது பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது அப்போதைய சட்டத்தின் 48ஆம் பிரிவு. அங்கன்வாடியோ மாலைக்குள் மூடிவிடும். பன்னிரண்டு மணி நேர வேலையோடு இந்தக் காப்பகங்களின் நேரம் எப்படிப் பொருந்தும் என்பதை மசோதா தொடவே இல்லை.

உடல்நலத்துக்கும் இதில் பங்கு உண்டு. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்வோருக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்வோரைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், இதயத் தமனி நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கூட்டு மதிப்பீடு கூறுகிறது. வாரம் 48 மணி என்ற வரம்பு உண்மையிலேயே காக்கப்பட்டால் இந்த எண்கள் நேரடியாகப் பொருந்தா. அந்த வரம்புக்கும் விலக்கு அளிக்கும் அதிகாரம் மசோதாவில் இருந்ததால்தான் இவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.

விரும்பினால் என்ற சொல்

கட்டாயம் இல்லை, விரும்பினால் மட்டுமே என்ற விளக்கத்தைத் தனியாக ஆராய வேண்டும். நான் திருப்பூரில் வளர்ந்தவன். என் தாயார் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். அங்கே வேலையை மணிக் கணக்கில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஷிப்ட் கணக்கில்தான் சொல்வார்கள். காலை எட்டரைக்குப் போய் மாலையில் திரும்பினால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை, ஒன்பது ஆனால் ஒன்றரை ஷிப்ட். கப்பல் ஏற்றும் தேதி நெருங்கினால் இரண்டு ஷிப்டும் உண்டு. கூடுதல் அரை ஷிப்டுக்குப் பெரும்பாலும் சாதாரணக் கூலியின் பாதிதான் கிடைக்குமே தவிர, சட்டம் சொல்லும் இரட்டிப்பு கிடைக்காது. “இன்னைக்கு ஒன்றரையா?” என்று காலையில் கேட்பதுதான் எங்கள் வீட்டின் வழக்கமான விசாரிப்பு. விடை “ஆமாம்” என்றால் இரவுச் சாப்பாடு பக்கத்து வீட்டு அத்தையிடம்.

அந்த ஒன்றரை ஷிப்டுக்கு அம்மா விருப்பப்பட்டே போனார் என்று சொல்லலாம். யாரும் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தவில்லை. ஆனால் ஒரு ஷிப்ட் மட்டும் பார்ப்பேன் என்று சொன்னவர்களுக்கு அடுத்த வாரம் வேலை இல்லாமல் போவதும், ஒரு ஷிப்ட் கூலியை வைத்துச் சனிக்கிழமை மளிகைக் கணக்கைத் தீர்க்க முடியாமல் போவதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஊதியம் குறைவாகவும் மாற்று வேலை அரிதாகவும் இருக்கும் இடத்தில் விருப்பம் என்பது கேட்பவரின் வசதிக்கேற்ப அமைந்துவிடுகிறது. தனிமனிதனின் மறுப்புச் சொல் பலவீனமானது என்பதை அறிந்தே, அவன் சார்பாக மறுக்கும் பொறுப்பைச் சட்டம் 54ஆம் பிரிவில் ஏற்றுக்கொண்டது. ஒன்பது மணிக்கு மேல் வேலை செய்யக் கோரவும் கூடாது, அனுமதிக்கவும் கூடாது என்ற அதன் வாசகம் நன்கு யோசித்து எழுதப்பட்டது. தொழிலாளியே முன்வந்தாலும் கூடாது என்பதே ‘அனுமதிக்கவும் கூடாது’ என்பதன் பொருள்.

நடைமுறையில் சட்டம் மீறப்படும் இடங்கள் ஏராளமாக இருக்கும்போது அந்தச் சட்டத்தைக் காத்து என்ன பயன் என்று சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. மீறலை மீறல் என்று சொல்லவும், தொழிற்சாலை ஆய்வாளரிடம் முறையிடவும், தொழிலாளர் நீதிமன்றத்தில் மிகைநேர ஊதியம் கோரவும் அந்தப் பிரிவுதான் ஆதாரம். அதை எடுத்துவிட்டால் ஒன்றரை ஷிப்ட் நாளை சட்டப்படியான ஷிப்ட் ஆகிவிடும்.

மூன்று நாள் விடுப்பு: பிற நாடுகளின் அனுபவம்

நான்கு நாள் வாரம் உலகெங்கும் வரவேற்கப்படுகிறதே என்ற ஒப்பீடு அப்போது அடிக்கடி சொல்லப்பட்டது. இரண்டு வேறுபட்ட ஏற்பாடுகள் அந்த ஒரே பெயரைச் சுமக்கின்றன. ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை ஏறத்தாழ 2,500 பொதுத்துறை ஊழியர்களிடம் நடந்த சோதனையில், ஊதியத்தைக் குறைக்காமல் வார வேலை நேரம் 40 மணியிலிருந்து 35, 36 மணியாகக் குறைக்கப்பட்டது. பிரிட்டனில் 2022இல் 61 நிறுவனங்கள் ஆறு மாதம் நடத்திய சோதனையும் ஊதியத்தை மாற்றாமல் நேரத்தைக் குறைப்பதையே அடிப்படையாகக் கொண்டது. அவற்றுள் 56 நிறுவனங்கள் அந்த ஏற்பாட்டைத் தொடர்ந்தன. இவற்றில் விடுப்பு கூடியதற்குக் காரணம் மொத்த நேரம் குறைந்தது. தமிழ்நாட்டில் பேசப்பட்டதோ மொத்த நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு நாளை நீட்டுவது.

நாளை நீட்டும் வகைக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு பெல்ஜியம். 2022 நவம்பரில் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி முழுநேர ஊழியர் தன் வார வேலையை நான்கு நாட்களுக்குள் முடித்துக்கொள்ளலாம். ஆனால் கோரிக்கை ஊழியரிடமிருந்துதான் வர வேண்டும். அது எழுத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அங்கே வார வேலையே 38 மணி நேரம் அளவில் இருப்பதால், நான்காகப் பிரித்தாலும் நாள் ஒன்பதரை மணிக்குள் நின்றுவிடுகிறது. அந்நாட்டுத் தொழிலாளியின் நீட்டிய நாள் நம் சட்டம் அப்போது ஏற்கெனவே அனுமதித்த ஒன்பது மணியைவிட அரை மணிதான் கூடுதல் என்பதைக் கவனித்தால், இரு ஏற்பாடுகளுக்கும் உள்ள தூரம் விளங்கும்.

பின்வாங்கிய விதம்

மசோதா நிறைவேறிய அன்றே ஆளும் கூட்டணியில் இருந்த கம்யூனிஸ்ட் கட்சிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் எதிர்ப்புத் தெரிவித்து வெளிநடப்புச் செய்தன. அப்போதைய ஆளுங்கட்சியான தி.மு.க.வின் சொந்தத் தொழிற்சங்கமான தொ.மு.ச.வும் ஏற்க மறுத்தது. தொழிற்சங்கங்கள் மே 12 அன்று வேலைநிறுத்தம் அறிவித்தன. ஏப்ரல் 24 அன்று தலைமைச் செயலகத்தில் அமைச்சர்கள் சங்கங்களோடு பேச்சு நடத்திய பிறகு மசோதா நிறுத்தி வைக்கப்படுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். மே 1 அன்று சென்னை சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் பேசியபோது அதை முழுமையாகத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். விட்டுக்கொடுப்பதை அவமானமாகத் தான் கருதவில்லை என்ற பொருளில் அவர் பேசியது அரசியலில் அரிதானது; அதற்குரிய மதிப்பை அளிக்கவே வேண்டும்.

அந்த நாளுக்கு இன்னொரு பொருத்தமும் இருந்தது. 1923 மே 1 அன்று, சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களைச் சிங்காரவேலர் நடத்தியது இதே சென்னையில்தான். அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்பு, 1918 ஏப்ரலில், பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்று அமைத்த சென்னைத் தொழிலாளர் சங்கம், பின்னி ஆலைத் தொழிலாளர்களின் மதிய உணவு இடைவேளை போதவில்லை என்ற குறையைத் தன் தொடக்கக் கோரிக்கைகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. சோற்றைப் பிசைந்து வாயில் வைப்பதற்குள் சங்கு ஊதிவிடும் என்ற நிலையிலிருந்து தொடங்கிய வரலாறு இது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் நெசவாலை ஆண் தொழிலாளிக்குப் பன்னிரண்டு மணி நேரம் நாள் வரம்பாக இருந்தது. 1922இல் அது பதினொன்றானது, 1934இல் பத்தானது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை அம்பேத்கர் ஏற்றிருந்த காலத்தில், 1946இல், வார வரம்பு 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைக்கப்பட்டு நாள் வரம்பு ஒன்பதானது. பன்னிரண்டிலிருந்து ஒன்பதுக்கு வர முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குத் திரும்ப ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது.

மிஞ்சி நிற்கும் கேள்விகள்

மசோதா திரும்பப் பெறப்பட்டதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் பற்றிய சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்று அது பொதுவிதி சொல்கிறது. ஆனால் இடைவேளைகளையும், வேலை தொடங்கி முடியும் வரையிலான மொத்த நேரத்தையும் தீர்மானிப்பதை அந்தந்த அரசின் அறிவிக்கைக்கு விட்டிருக்கிறது. பழைய 56ஆம் பிரிவு சட்டத்திலேயே பொறித்து வைத்திருந்த பத்தரை மணி என்ற எண், இப்போது அறிவிக்கையில் எழுதப்படும் எண். அதைத் திருத்தச் சட்டமன்றத்தில் குரல் வாக்கெடுப்புக்கூடத் தேவைப்படாது.

எனவே இனி இப்படியொரு அறிவிக்கை வரும்போது கேட்க வேண்டியவை மிகச் சாதாரணமான கேள்விகளாகத் தோன்றலாம். ஆலைப் பேருந்து கடைசித் தொழிலாளியை எத்தனை மணிக்கு அவர் ஊரில் இறக்கிவிடும்? அப்போது அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போகத் தெருவிளக்கும் துணையும் உண்டா? குழந்தைக் காப்பகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? ஒரு ஷிப்ட் மட்டும் போதும் என்று சொன்னவர் அடுத்த மாதமும் வேலையில் இருக்கிறாரா என்பதை யார் சரிபார்ப்பார்கள்? ஆலையின் முகப்பில், தொழிலாளர்கள் படிக்கும் மொழியில், ஒவ்வொரு நாளும் வேலை எப்போது தொடங்கி எப்போது முடியும் என்ற அறிவிப்பு தொங்க வேண்டும் என்று பழைய சட்டம் கட்டளையிட்டிருந்தது; அந்த அறிவிப்புக்கு மாறாக யாரையும் வேலை வாங்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தது. என் தாயார் பணிபுரிந்த இடத்திலும் அப்படியொரு பலகை இருந்தது. அதில் எழுதியிருந்தது மாலை ஐந்தரை.